எவடம் என்றொரு கேள்வி

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொல்வார். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அறைக்கு மேல் அறையாக மாறிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் குளிர், ஓரிடத்தில் கூட இருந்தவனின் குறட்டை, ஓரிடத்தில் காரணமே இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். நின்றால் நினைத்த இடத்தில் இறங்கிவிடலாம். இறங்கி எங்கே போவது என்பது வேறு கதை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் அப்போது தமிழர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். சுகம் விசாரிப்பார்கள், வேலை விசாரிப்பார்கள், வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கேள்வி வரும்.

"அப்ப தம்பி, ஊரிலை எவடம்?"

யாழ்ப்பாணத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இது எவ்விடம் என்ற வெறும் ஊர் விசாரிப்பு. எங்களுக்கு அப்படி இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாது. ஊரில் கோயிலுக்கு இஞ்சாலையா அங்காலையா, அதாவது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, றெயில் ரோட்டுக்கு எந்தப் பக்கம், யாருடைய வளவுக்குக் கிட்ட என்று கேள்வி உள்ளே உள்ளே போகும். நான்காவது கேள்வியில் உங்கள் சாதியைப் பிடித்துவிடுவார்கள். வாயால் சாதி என்ற சொல் வரவே வராது. அவ்வளவு நாகரிகம்.

நான் கோயிலுக்கு அங்காலை. சுடலைக்கு இஞ்சாலை. அந்தக் குறிச்சியில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி எப்படிக் காதில் விழும் என்று விளக்கத் தேவையில்லை. "யாழ்ப்பாணம் ரவுண்" என்பேன். ரவுணில் எவடம் என்றால் "ஸ்ரேசனடி" என்பேன். ஸ்ரேசனடியில் ஆரின்ரை வீட்டுக்குக் கிட்ட என்று கேட்க வாயெடுக்கும்போது எனக்கு பஸ் வந்துவிடும். வராவிட்டாலும் வந்துவிடும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் இந்தக் கேள்வியில் கைதேர்ந்த விண்ணர். கணக்காளர் வேலை, கண்ணாடி, கம்பளிக் கோட்டு, எவரையும் தம்பி தங்கச்சி என்று கூப்பிடும் வாய். பனிக்காலத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கித்தந்து, வேலையும் எடுத்துத்தந்தவர். கெட்டவர் என்று சொல்ல மனம் வராது. ஆனால் இரண்டு வருடமாக என்னுடைய எவடத்தைத் தேடிக்கொண்டிருந்தார், நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்படி அந்தச் சொல்லைக் கண்டாலே எரிச்சல்படுகிற நான், ஒரு நாள் காலையில் பஸ்ஸில் என் வாயாலேயே அதைக் கேட்டுவிட்டேன்.

லோரன்ஸ் வீதியில் ஏறி வார்டன் ஸ்டேசனில் இறங்குகிற பஸ். தினமும் அதே பஸ்ஸில் ஒரு பெண் வருவார். நாற்பது வயதைத் தாண்டியவர். டவுன்ரவுணில் ஒரு பெரிய கடையில், விற்ற உடுப்புகளை ஆளுக்கேற்றபடி வெட்டித் தைக்கும் பகுதியில் வேலை என்று பிறகு தெரிந்தது. பஸ் குலுங்கக் குலுங்க மடியில் ஒரு கறுப்புத் துணியை வைத்துச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டு வருவார். குறொஸ் ஸ்ரிச், பெருக்கல் குறி பெருக்கல் குறியாக. ஊசி ஒரு தடவையும் தவறாது. எனக்குப் பார்க்கப் பொறாமையாக இருக்கும். ஒரு மனிசியால் எப்படி இவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியும்?

அன்று பஸ் பனியில் சறுக்கி நின்றதில் அவருடைய நூல் பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். எந்த நாடு என்று கேட்டேன். பலஸ்தீனம் என்றார். பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர், "பாகிஸ்தானா? நல்ல நாடு" என்று தலையாட்டினார். அந்தப் பெண் திருத்தவில்லை. திருத்தித் திருத்தி அலுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் என்ன வந்ததோ தெரியாது.

"பலஸ்தீனத்திலை எவடம்?" என்று கேட்டுவிட்டேன். தமிழில்.

பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தைப்பதை நிறுத்தினார். ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களின் வியாதி ஒட்டுவாரொட்டி. ஊருக்குள்ளே எந்தப் பக்கம் என்று அடுத்ததையும் கேட்டேன். பள்ளிவாசலுக்கு மேற்கே என்றார். அங்கே யாருடைய வீட்டுக்குக் கிட்ட என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், சொல்லத் தொடங்கினார். வார்டன் ஸ்டேசன் வந்தது. சுரங்க ரெயிலில் ஏறினோம். இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

"இந்த நாட்டுக்கு வந்த பிறகு பலஸ்தீனம் என்றால் ஒன்று பாகிஸ்தானா என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் சண்டையைப் பற்றிக் கேட்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். முதலில் நான் சொன்ன சொல் என்ன என்றும் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். எங்கள் 'வ'வும் 'ட'வும் அவருடைய அரபி நாக்குக்கு வரவில்லை. "எஃபதம்" என்றார்.

அவர் ஊர் இப்போது இல்லை. சிறுமியாக இருந்தபோது துரத்தப்பட்டு, லெபனானில் ஒரு முகாமில் வளர்ந்தவர். வீடுகளை இடித்து, மேலே மரம் நட்டுவிட்டார்களாம். வரைபடத்தில் அந்தப் பெயர் கிடையாது. அவர் தைத்துக்கொண்டிருந்தது ஒரு நீள அங்கியின் நெஞ்சுப் பகுதி. அவர்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தையல் கோலம் உண்டாம். சந்தையில் ஒரு பெண்ணின் நெஞ்சைப் பார்த்தாலே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். முகாமில் பிறந்த பிள்ளைகளும் பார்த்தறியாத ஊரின் கோலத்தைத் தைக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தலைவருக்கு இது தெரிந்திருந்தால் எங்களுக்கும் இப்படி ஒரு சட்டம் போட்டிருப்பார், கேட்கிற வேலை மிச்சம். சிரித்து முடித்த பிறகு உள்ளே ஏதோ குத்தியது. இந்த மனிசி தன் எவடத்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு திரிகிறார். நான் என்னுடையதை ஒளித்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஓடுகிறேன்.

அவர் கவிதையும் எழுதுவார். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு டோனட் கடை இருந்தது. அங்கே ஒரு நாள் பின்னேரம் ஒரு கடதாசியை என் முன்னால் தள்ளினார். மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிற இடத்தில் ஒரு கவிதை வாசிப்பு வைத்திருந்தார்களாம். இவர் தன் கவிதையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போக, ஆசிரியை அன்போடு திருத்திக் கொடுத்தாராம். திருத்தம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே சொல்: 'வாஸ்'. அத்திமரம் இருந்தது, கிணறு இருந்தது, வீடு இருந்தது. வாசித்து முடிந்ததும் ஒருத்தர் வந்து, "பாவம், அதெல்லாம் இப்போது இல்லைத்தானே" என்று தோளைத் தட்டினாராம்.

"நான் ஒப்பாரி எழுதவில்லை. வழி சொன்னேன். விருந்தாளிக்கு வழி சொல்கிறபோது யாராவது வீடு இருந்தது என்று சொல்வார்களா?" என்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் வேண்டும். என் வீட்டுக்கு வழியைக் கேட்க வேண்டும். கேட்டு முடித்து, அது இல்லை என்று சொல்லாமல் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

வீட்டுத் திறப்பு, சாவி என்று ஏதாவது கவிதையில் வருமா என்று கேட்டேன். அவர்கள் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த கதைகளைக் கேள்விப்பட்டிருந்தேன். "எங்கள் வீட்டுக்குப் பூட்டே கிடையாது" என்றார். அதோடு என் இலக்கிய அறிவு அடங்கியது.

எங்கள் சங்கத்தின் பொங்கல் விழாவில் வாசிப்போம், நான் தமிழில் போடுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கவிதை எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் வெண்பாவுக்குத் தளை தட்டி அடி வாங்கியதோடு சரி. அவர் அரபியில் ஒரு வரி சொல்வார், பிறகு அரைகுறை ஆங்கிலத்தில் பொருள் சொல்வார். நான் டோனட் கடை காகிதக் கைதுடைப்பானில் தமிழை எழுதுவேன். எழுந்து ஒரு நடை போய்விட்டு வருவேன். கடைக்காரர் என்னைப் பார்த்தபடியே இருப்பார்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவருடைய அரபி வரிகளில் 'இருக்கிறது' என்று ஒரு சொல்லே இல்லை. பள்ளிவாசல் வலப்பக்கம். அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குப் போனால் இருக்கிறது என்றால் 'இஸ்' போடு, இருந்தது என்றால் 'வாஸ்' போடு என்று கழுத்தைப் பிடிக்கிறது. தமிழ் பிடிக்கவில்லை. பள்ளிவாசல் வலப்பக்கம். அதற்குப் பின்னால் அத்திமரம். எப்போது என்று தமிழ் கேட்கவே இல்லை. இதை அவருக்கு விளக்கியபோது மேசையில் கையால் ஓங்கி அடித்துச் சிரித்தார். "அப்படியென்றால் உங்கள் மொழிக்கு என் வீடு தெரியும்" என்றார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு வரி வரும் வரை. கிணற்றில் வாளி கட்டியபடி, தாகமென்றால் ஒருவரையும் கேளாதே, அள்ளிக் குடி. எழுதிய கை நின்றுவிட்டது. எழுந்து வெளியே போய்ப் பனியில் நின்றேன். எங்கள் குறிச்சியில் கிணறு இல்லை. தண்ணீருக்கு மேலே போகவேண்டும், மேலே இருக்கிறவர்களின் வளவுக்கு. வாளியை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு நிற்கவேண்டும். அவர்களில் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். நாங்கள் கயிற்றில் கை வைத்தால் கிணறு தீட்டு. எத்தனையோ பின்னேரம் அம்மாவோடு நின்றிருக்கிறேன். ஊற்றுகிற வீட்டுக்காரி நித்திரை கொண்டால் எழும்பும் வரை நிற்க வேண்டும். எனக்கு நிற்கிற பழக்கம் அங்கேதான் வந்ததோ என்னவோ.

அவர் கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் அந்த வரியை எழுதி முடித்தேன்.

இனித் தலைவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"எங்களுக்கு ஏன் தம்பி உந்தச் சோலி? நாங்கள் வந்த இடத்திலை வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆக்கள். பலஸ்தீனம் கிலஸ்தீனம் எண்டால் அரசியல் ஆகிப்போடும்."

"அண்ணை, கவிதையிலை பலஸ்தீனம் எண்ட சொல்லே இல்லை."

"இல்லையோ? எங்கை, தாரும் பாப்பம்."

மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, வரவு செலவு பார்ப்பதுபோல் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு பிழையும் அகப்படவில்லை.

"இது சும்மா வீட்டுக்கு வழி சொல்லுறதுதானே. இதிலை என்ன கவிதை கிடக்கு?"

"அதுதான் அண்ணை."

"சரி, வாசியும். பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலை ஐஞ்சு நிமிசம். நீட்டக்கூடாது." கடதாசியைத் திருப்பித் தரும்போது கேட்டார், "அப்ப ஸ்ரேசனடியிலை நீர் ஆரின்ரை வீட்டுக்குக் கிட்ட?" எனக்கு பஸ் வந்துவிட்டது.

விழா ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற் மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். வெளியே பனி கொட்டியது. அவர் அந்த அங்கியைத் தைத்து முடித்து அணிந்துகொண்டு வந்தார். கறுப்பு நிலத்தில் நெஞ்சு முழுக்கச் சிவப்பு, சட்டைக் கையிலும் கொஞ்சம். கீழே பனிச் சப்பாத்து. எங்கள் அன்ரிமார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொன்வென்ற்றில் தையல் படித்தவர்கள், விடுவார்களா? "மெசினோ, கையோ?" "தம்பி, உள்பக்கத்தைக் காட்டச் சொல்லும்." அவர் சட்டைக் கையைப் புரட்டிக் காட்டினார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தமாக இருந்தது. முடிச்சு ஒன்றும் தெரியவில்லை. அன்ரி ஒருவர் மூக்கில் விரல் வைத்தார்.

எங்கள் முறை வந்தது. முதலில் அவர் அரபியில் சொன்னார். மண்டபம் அந்தரப்பட்டது. சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் ஓடினார்கள், தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். நான் வாசித்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் இறங்கு.
பள்ளிவாசல் வலப்பக்கம்.
அதற்குப் பின்னால் அத்திமரம்,
காலையில் நிழல் எங்கள் முற்றத்தில், மாலையில் நிழல் ரோட்டில்.
மரம் தாண்டினால் கிணறு.
வாளி கட்டியபடி.
தாகமென்றால் ஒருவரையும் கேளாதே,
அள்ளிக் குடி.
மூன்றாவது படலை எங்கள் வீடு.
நாய் இல்லை, பயப்படாதே.
அடுப்பில் ரொட்டி.
பிந்தி வந்தாலும் பரவாயில்லை,
வா.

கைதட்டல் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். இதோ ஒருத்தர் எழும்பி, அதெல்லாம் இப்போது இல்லைத்தானே என்று சொல்லப்போகிறார்.

முன்வரிசையில் இருந்த அன்ரிதான் எழும்பினார். சட்டைக் கையைப் பார்த்தவர்.

"தம்பி, உந்தக் கிணறு நல்ல தண்ணியோ, உவர்த் தண்ணியோ எண்டு கேளும்."

யாழ்ப்பாணத்தாரிடம் வேறு என்ன கேள்வியை எதிர்பார்க்க முடியும்? மொழிபெயர்த்தேன். நல்ல தண்ணி என்றார் அவர், இனிக்கும் என்றார். கோடையில் வத்துமோ என்று பின்னால் ஒரு குரல். வற்றாது. அத்திப்பழம் எந்த மாதம்? மண் சிவப்போ வெள்ளையோ? படலைக் கதவு மரமோ தகரமோ? பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம்? மேற்கே என்றால் வெய்யில் முகத்தில் அடிக்காதோ? அவர் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார். ஒருத்தர்கூட அது இருந்ததா, இருக்கிறதா என்று கேட்கவில்லை. வழி கேட்டால் கேட்டுக்கொண்டேபோகிற சனம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் ஆட்களின் இந்தத் துருவலை நேசித்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். மைக்கை என் முன்னால் தள்ளினார்.

"எஃபதம்?" என்றார்.

மண்டபம் சிரித்தது. எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. தலைவர் மற்றவர்களைவிடப் பலமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது, அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மேடையிலிருந்து இறங்கப் படி இருந்தது. எனக்கு பஸ் வரலாம். ஆனால் பூட்டில்லாத வீட்டுக்கு வழி சொன்ன மனிசி பக்கத்தில் நிற்கிறார்.

"கோயிலுக்கு அங்காலை," என்றேன். "சுடலைக்கு இஞ்சாலை. ஒழுங்கையிலை கடைசிப் படலை. பனையோலை வேலி. வாசலிலை பூவரசு."

ஒருத்தரும் அசையவில்லை. கிணற்றுக் கேள்வி கேட்ட அன்ரிக்கு மட்டும் பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது. "அங்கை கிணறு நல்ல தண்ணியோ தம்பி?"

"கிணறு இல்லை அன்ரி," என்றேன். "நீங்கள் அள்ளி ஊத்தினால்தான் தண்ணி."

அன்ரி உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழும்பி, "சரி சரி, சாப்பாடு ஆறப்போகுது" என்றார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் விலகி, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். ஞாயிறுகளில் சாப்பிடக் கூப்பிடுகிற ஒரு வீடு அதன் பிறகு கூப்பிடவில்லை. தலைவர் என்னை அன்று முழுக்கத் தம்பி என்று கூப்பிடவில்லை. ஆனால் கோட்டு மாட்டுகிற இடத்தில், சங்கத்தில் அதிகம் பேசாத ஒருத்தர், ரவுண்காரர் என்று எல்லோரும் நினைத்திருந்தவர், என் தோளைப் பிடித்தார். "உங்கடை பக்கம் சுடலையோ? எங்கடை பக்கம் குளம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அந்த மனிசி புதுத் துணி ஒன்றைத் தொடங்கியிருந்தார். நான் வழக்கம்போலக் கதவடியில் நின்றேன். கூப்பிட்டார். அன்று மேடையில் கடைசியாக அந்த அன்ரி என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், ஏன் எல்லோரும் அப்படி அடங்கிப்போனார்கள் என்று கேட்டார். அன்று நான் மொழிபெயர்க்கவில்லை.

வரிசையாகச் சொன்னேன். வேலிக்கு வெளியே வாளி வைப்பதைச் சொன்னேன். தீட்டைச் சொன்னேன். எங்களுக்கு ஒரு கிணறு இருக்கவில்லை என்று ஆங்கிலத்தில் முடித்தேன்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "'வாஸ்'ஸா, 'இஸ்'ஸா?" என்று கேட்டார்.

மேடையில் தமிழில் 'இல்லை' என்றுதான் சொல்லியிருந்தேன். தமிழ் அதை எப்போது என்று கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இங்கே காலை என்றால் ஊரில் பின்னேரம். தண்ணீருக்குப் போகிற நேரம். அம்மா இப்போது வாளியை வைத்துவிட்டு, யாரும் வரும் வரை, வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

"'இஸ்'," என்றேன்.